உறைந்ததா, தடித்ததா? மட்டக்களப்பு முட்டித் தயிர் வாங்கும் முன்

செங்கலடியில் பதுளை வீதிக்குத் திரும்பினாலும், வாழைச்சேனை தாண்டிப் பொலன்னறுவைப் பக்கம் போனாலும், தெற்கே அக்கரைப்பற்று, பொத்துவில் என்று இறங்கினாலும் வீதியோரத்தில் இந்தக் காட்சி கிடைக்கும்: ஒரு பலகை மேசை, தலைக்கு மேல் சின்னக் கூரை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மண்முட்டிகள், வாயை மூடிக் கட்டிய கடதாசி. எல்லாவற்றுக்கும் பெயர் தயிர்தான். விலையிலும் பெரிய வித்தியாசம் இராது. உள்ளே இருப்பதில்தான் வித்தியாசம். ஒரு முட்டியில் எருமைப்பால் உறைந்திருக்கும். பக்கத்து முட்டியில் பால்மாவும் சோளமாவும் சேர்ந்து தடித்திருக்கும். இரண்டும் கரண்டியில் நிற்கும், இரண்டும் வெள்ளை.

நீராக இருப்பது கெட்டியாவதைச் சொல்ல நம் அடுப்படியில் நாலு வினைகள் புழங்குகின்றன. பாணி வற்றும், தண்ணீர் ஆவியாகப் போய் இனிப்பு மிஞ்சும். கூழ் தடிக்கும், வெளியிலிருந்து போட்ட மா தண்ணீரைக் குடித்து வீங்கும். பழுதான பால் திரையும். கட்டி வேறு, தண்ணீர் வேறாகப் பிரியும். நல்ல பால் உறையும். எதுவும் பிரியாமல், இருந்த இடத்திலேயே முழுப்பாலும் ஒரே உடலாக நிற்கும். தயிர் என்ற பெயருக்கு உரியது இந்த நாலாவது மட்டும். ஆகவே ‘கட்டித் தயிரா?’ என்று கடைக்காரரிடம் கேட்பதில் பயன் குறைவு. எல்லாரும் கட்டி என்றுதான் சொல்வார்கள், அதுவும் பொய்யில்லை. எப்படிக் கட்டியானது என்பதை வாங்குபவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உறை என்ற சொல் இரண்டு வேலை செய்கிறது. வினையாக வரும்போது இறுகுதல்: பால் உறையும், இரத்தம் உறையும், நெய் உறையும். தங்குதல் என்ற பொருளும் இதே வடிவத்துக்கு உண்டு, உறைவிடம் என்கிறோம். பெயராக வரும்போது பாலில் இடும் பழைய தயிரையோ மோரையோ குறிக்கும். ‘உறை விட்டாச்சா?’ என்று கேட்பது அதைத்தான். தமிழகத்தில் சில பக்கங்களில் இதையே பிரை என்றும் புரை என்றும் சொல்வார்கள், உறைய வைப்பதைத் தோய்த்தல் என்றும் சொல்வார்கள். இந்தப் பெயர்ச்சொல் பழையது. பெரும்பாணாற்றுப்படையில் விடியற்காலையில் தயிர் கடையும் ஆயர் வீட்டுக் காட்சியில் ‘உறையமை தீந்தயிர்’ என்று வருகிறது: உறை இட்டு அமைந்த இனிய தயிர். அந்தத் தயிரின் முகிழுக்கு உவமையாக வருவது வெண்காளான் மொட்டு. குறுந்தொகையின் 167ஆம் பாட்டில் வருவது ‘முளிதயிர்’, நன்றாக முற்றிய தயிர். அந்தப் பெண் அதை விரலால் பிசைந்து ‘தீம்புளிப் பாகர்’ சமைக்கிறாள். பாகர் என்றால் குழம்பு. பிசைந்த என்ற வினையைக் கவனிக்க வேண்டும். சாய்த்து ஊற்றும் தயிரைப் பிசைய முடியாது. இரண்டாயிரம் ஆண்டாக இந்த மொழியில் நல்ல தயிருக்கு அளவுகோல் அதுதான்: விரலுக்கு உடல் தட்டுப்பட வேண்டும், உறை இட்டதால் வந்த உடலாக அது இருக்க வேண்டும்.

தயிர் என்ற சொல் மலையாளத்தில் தைர் என்று நிற்கிறது. கன்னடம் மொசரு என்றும் தெலுங்கு பெருகு என்றும் வேறு வழியில் போய்விட்டன. வடமொழியின் ததி நமக்குத் ததியோதனம் என்ற கோயில் சோற்றின் பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அம்பாறைப் பக்கம் வாங்குவோருக்கு இவற்றைவிடப் பயன்படக்கூடியது சிங்களச் சொல். அங்கே பலகைகளில் மீ கிரி என்று இருக்கும். மீ என்பது எருமை, கிரி என்பது பால். நேர்ப்பொருள் எருமைப்பால், வழக்கில் எருமைத் தயிர். சிங்களப் பெயர் விலங்கைச் சொல்கிறது, உறைந்ததைச் சொல்லவில்லை. தமிழ்ப் பெயர் உறைந்த நிலையைச் சொல்கிறது, விலங்கைச் சொல்லவில்லை. தமிழில் பசுத்தயிரும் தயிர், ஆட்டுத்தயிரும் தயிர். அதனால் தமிழ்க் கடையில் ‘எருமையா, பசுவா, கலப்பா?’ என்று வாய்விட்டுக் கேட்பது முறையான கேள்வி. யாரும் குறையாக எடுக்க மாட்டார்கள்.

எருமையா பசுவா என்பதற்குக் கண்ணே பாதி விடை தரும். பசுப்பாலில் கரோட்டின் என்ற மஞ்சள் நிறமி கொழுப்போடு வரும். எருமை அதை உடம்பிலேயே வைற்றமின் ஏ ஆக மாற்றிவிடும். அதனால் எருமைத் தயிர் சுண்ணாம்பு போலத் தூய வெள்ளை, அதன் ஏடும் வெள்ளை. ஏட்டில் இளமஞ்சள் தெரிந்தால் பசு அல்லது கலப்பு. எருமைப்பாலில் கொழுப்பு ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம், பசுப்பாலில் 4 சதவீதத்தை ஒட்டி இருக்கும். புரதமும் எருமையில் கூடுதல். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் மாட்டுப்பட்டிகளில் கறக்கும் எருமைப்பாலுக்கு வேறு எதுவும் சேர்க்கத் தேவையில்லை என்பதன் காரணம் இதுதான். அந்தப் பாலே தன் கட்டியைக் கொண்டு வருகிறது. மா சேர்ப்பவர் பெரும்பாலும் தண்ணீர் சேர்த்த பாலை மறைக்கவே சேர்க்கிறார்.

உறையும்போது உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொன்னால் முட்டியில் வரும் பிழைகள் எல்லாம் தாமாக விளங்கும். பாலின் முக்கியப் புரதமான கேசின் சின்னச் சின்ன உருண்டைகளாக மிதக்கிறது. ஒரே வகை மின்னேற்றம் இருப்பதால் உருண்டைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். உறையில் உள்ள பக்றீரியாக்கள் பாலின் சீனியைத் தின்று லக்ரிக் அமிலம் விடும். புதுப்பாலின் பிஎச் 6.6 அளவு. அது 4.6ஐ நெருங்கும்போது அந்த மின்னேற்றம் தீர்ந்து உருண்டைகள் கைகோத்து வலையாகும், தண்ணீரும் கொழுப்பும் அந்த வலைக்குள் அகப்படும். புளிப்பு மெதுவாக, ஆடாமல் அசையாமல் ஏறினால் வலை நெருக்கமாக இருக்கும்: அது உறைதல். எலுமிச்சம்புளி விட்டதுபோல் சட்டென்று ஏறினாலோ, சூட்டில் ஏறினாலோ வலை அறுந்து கட்டிகளாகச் சுருங்கும்: அது திரைதல். சொற்கள் இரண்டாக இருப்பதற்கு நியாயம் இருக்கிறது.

பாலைக் காய்ச்சுவது கிருமிக்காக மட்டும் அல்ல. 85 முதல் 90 பாகை செல்சியசில் பத்து, பதினைந்து நிமிடம் நின்றால் தெளிநீரில் கரைந்திருக்கும் புரதங்களும் குலைந்து கேசினோடு ஒட்டும். வலை தடிப்பாகும், தண்ணீர் விடுவது குறையும். ஒரு கொதி பொங்கியதும் இறக்கிய பாலில் இது முழுதாக நடக்காது. அந்தத் தயிர் காலையில் அழகாக இருக்கும், பின்னேரம் முட்டி நிறையத் தண்ணீர் விடும். காய்ச்சாத பாலில் உறை விட்ட தயிரை வாங்கவே கூடாது. கால்நடையிலிருந்து மனிதருக்குத் தொற்றும் புருசெல்லா போன்ற கிருமிகள் தயிரின் புளிப்பிலும் தப்பியிருக்கக்கூடும். ‘பச்சைப்பால் தயிர், அதுதான் சத்து’ என்று சொல்லி விற்றால் அங்கிருந்து நகர்ந்துவிடலாம்.

இனி முட்டி. இது வெறும் பாத்திரம் இல்லை, தயிரில் பாதி வேலை அதனுடையது. பூச்சில்லாத மண் நீரை உறிஞ்சி வெளிப்பக்கத்தால் ஆவியாக்கும். அதனால் இரண்டு நன்மை. தயிர் இன்னும் கொஞ்சம் இறுகும். ஆவியாகும் நீர் சூட்டையும் கொண்டுபோவதால் முட்டி வெளிக்காற்றைவிடக் குளிர்ந்து நிற்கும், புளிப்பு ஏறுவது மெதுவாகும். பிளாஸ்டிக் கிண்ணத்தில் விற்கும் தயிருக்கு இந்த இரண்டும் இல்லை. கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் முட்டி மிக நன்றாக வேலை செய்யும். கார்த்திகை, மார்கழி மழையில் காற்றே ஈரமாக இருப்பதால் முட்டி வியர்த்தபடி நிற்கும், ஆனால் ஆவியாகாது. மாரியில் வாங்கும் தயிர் இளகலாக இருந்தால் உடனே கலப்படம் என்று முடிவுகட்டக் கூடாது.

முட்டியை எடுத்து விரல் மூட்டால் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் வெந்த முட்டி. தப்பென்று மழுங்கிக் கேட்டால் வெடிப்பு அல்லது வேகாத மண். வேகாத மண்ணில் தயிருக்குச் சேற்று மணம் ஏறும். அடியில் கை வைத்தால் ஈரம் தட்டலாம், சொட்டக் கூடாது. ஒருமுறை தயிர் வைத்த முட்டியைக் கழுவித் திரும்ப நிரப்பியிருந்தால் விளிம்புக்குக் கீழே எண்ணெய் பிடித்த கருவளையம் தெரியும். மண்துளைகளில் பழைய கொழுப்பு போய்ச் சிக்குவாடை எடுத்திருக்கும், எந்தக் கழுவலும் அதை எடுக்காது. பளபளப்புப் பூச்சோ வர்ணமோ உள்ளே தடவிய சட்டியில் தயிர் வேண்டாம். பூச்சு இருந்தால் மண் மூச்சு விடாது. சில பூச்சுகளில் ஈயம் இருக்கும், புளிப்பு அதைக் கரைக்கும்.

உருவமும் கணக்கில் வரும். வாய் அகன்ற, ஆழம் குறைந்த சட்டியில் ஏடு பரப்பாகப் படியும், இறுக்கம் கூடும். குறுகிய வாயும் உயரமும் உள்ள முட்டியில் ஏடு குறைவு, அடியில் தண்ணீர் தேங்கும், ஆனால் பயணத்துக்கு அதுதான் தாங்கும். வீட்டில் அன்றே சாப்பிடச் சட்டி, ஊருக்குக் கொண்டுபோக முட்டி. எடையை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். முட்டியின் எடை ஒன்றுக்கொன்று நிறைய மாறும், முட்டியோடு நிறுத்த எடை தயிரைப் பற்றி எதுவும் சொல்லாது. லீற்றர் கணக்கில் கேளுங்கள். கடதாசியை அவிழ்த்துக் கழுத்துவரை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

மேசையில் கிடைக்கும் தயிரைத் தரம் பிரித்தால் இப்படி வரும். பட்டிக்காரர் வீட்டிலேயே காய்ச்சி, அங்கேயே உறைய வைத்து, காலையில் கொண்டுவந்து வைக்கும் முட்டிக்கு முதலிடம். கறந்ததற்கும் காய்ச்சியதற்கும் இடையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போயிராது என்பதே அதன் பலம். கிரான், உன்னிச்சை, வாகரைப் பக்கத்துச் சிறு மேசைகளில் இதற்கு வாய்ப்பு அதிகம். விறகடுப்பில் காய்ச்சியதால் லேசான புகைமணம் இருக்கும். அது குறையில்லை, சிலர் அதற்காகவே தேடி வாங்குவார்கள். அடுத்தது, பல பட்டிகளில் பால் சேர்த்து ஒரே இடத்தில் காய்ச்சும் கொட்டில்களின் தயிர். தரம் அந்தக் கொட்டிலின் ஒழுக்கத்தைப் பொறுத்தது. நல்லவர்கள் நாள்தோறும் ஒரே சுவை தருவார்கள், பட்டித் தயிரில் அந்த ஒழுங்கு கிடைக்காது. பால் தாமதமாக வரும் நாளில்தான் சிக்கல். நேரம் கடந்த பால் அடுப்பில் திரையும், அதைத் தடுக்க அப்பச்சோடா ஒரு சிட்டிகை போடுவோர் உண்டு. அந்தத் தயிர் நாக்கில் சவர்க்காரம் போல வழுக்கும், புளிப்பும் தட்டையாக இருக்கும். நகரச் சந்தையில் நாள் முழுக்க வெயிலில் நிற்கும் முட்டிக்கு மூன்றாமிடம், அதுவும் காலை ஒன்பது மணிக்கு முன் என்றால் மட்டும். தொழிற்சாலைக் கிண்ணத் தயிர் சுத்தத்திலும் திகதி அச்சிலும் முதல், உடலில் கடைசி. குழந்தைக்கும் நோயாளிக்கும் அதை வாங்குவதில் தவறில்லை. அதை முட்டித் தயிரோடு ஒப்பிட வேண்டாம்.

காலம் பார்த்தும் வாங்கலாம். பெரும்போக வெட்டு முடிந்து மாடுகள் வயல்தாளில் மேயும் மாசி, பங்குனியில் தீனி தாராளம், முட்டிகளும் மேசை நிறைய வரும். விதைப்புக் காலத்தில் மாடுகள் வயற்பக்கத்திலிருந்து தூர மேய்ச்சல் தரைக்குப் போய்விடும். பாலைக் கொண்டுவரும் தூரம் கூடும், தாமதமும் கூடும். அந்த மாதங்களில் மயிலத்தமடு, மாதவனைப் பக்கத்துத் தரைகளில் பட்டிக்காரருக்கு ஏற்படும் இடைஞ்சல் ஒவ்வொன்றும் இந்த மேசையில் முட்டிக் குறைவாக வந்து நிற்கும். தயிரை நேசிப்பவர் அந்த மேய்ச்சல் தரையின் செய்தியையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

கடைக்காரரின் அனுமதியோடு மேசையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒரு நிமிடம்தான். கடதாசியை நீக்கி முட்டியை மெதுவாக ஒரு பக்கம் சாய்க்கவும். உறைந்த தயிர் விளிம்போடு ஒட்டியபடி முழுதாக ஒரே உடலாகச் சாயும், முகம் கலையாது. ஓரத்தில் ஒரு தேக்கரண்டி அளவு தெளிநீர் தெரிந்தால் நல்லது, அது உறைந்த தயிர் என்பதற்கு அடையாளம். அரைக் கோப்பை தண்ணீர் நின்றால் பழையது அல்லது ஆட்டப்பட்டது. தண்ணீரே இல்லாமல், மேற்பரப்பு றப்பர் போல மினுங்கினால் சந்தேகப்படுங்கள். பிறகு கரண்டியால் ஒரு வெட்டு. நல்ல எருமைத் தயிரின் வெட்டுமுகம் புதுச்சுவர் போல நிற்கும். இரண்டு நிமிடத்தில் குழியின் அடியில் தெளிந்த, இளம்பச்சை கலந்த நீர் ஊறத் தொடங்கும். மா சேர்த்ததில் வெட்டுமுகம் கரண்டியோடு இழுபடும், குழியில் நீர் ஊறவே ஊறாது. மா தண்ணீரை விடாது.

வாயில் வைத்தால் உறைந்தது நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் இடையில் உடைந்து கரைந்து போகும், பின்னால் கொழுப்பு மட்டும் நிற்கும். தடித்தது பசையாகப் பரவி, விழுங்கிய பிறகும் பல்லில் பூச்சாக இருக்கும். பால்மாவைக் கூட்டினால் காய்ச்சிய இனிப்பு மணமும் சுண்ணப்பொடி போன்ற நறநறப்பும் வரும். பால்மா நஞ்சில்லை, ஆனால் எருமைத் தயிர் விலையில் அதை வாங்கத் தேவையில்லை.

சந்தேகம் தீராவிட்டால் வீட்டில் இரண்டு சோதனை. மாவுக்கு: ஒரு தேக்கரண்டி தயிரை அரைக் கோப்பை தண்ணீரில் கரைத்து ஒரு கொதி காய்ச்சி, முழுதாக ஆற விட்டு, மருந்துக்கடை அயடின் கரைசல் இரண்டு துளி விடவும். நீலமோ கருநீலமோ ஆனால் மா இருக்கிறது. மஞ்சள் கலந்த மண்ணிறமாகவே நின்றால் இல்லை. சூடாக இருக்கும்போது விட்டால் மா இருந்தாலும் நீலம் தெரியாமல் போகும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். ஜெலட்டினுக்கு: கை பொறுக்கும் சூட்டில், 45 பாகை அளவுள்ள நீரில் ஒரு கட்டித் தயிரைக் கலக்காமல் இறக்கவும். ஜெலட்டின் பிடித்திருந்த கட்டி சில நிமிடத்தில் உருகிப் பரவும். உறைந்த தயிர் அந்தச் சூட்டில் உருகாது. கட்டியாகவே கிடக்கும் அல்லது துகளாக உதிரும்.

முட்டிக்குள் தெரியும் துளைகளைப் பார்த்துப் பலர் பயப்படுவார்கள். துளை இரண்டு வகை. பாலை உயரத்திலிருந்து ஊற்றும்போது வந்த நுரை மேற்பரப்பில் மட்டும் அம்மைத்தழும்பு போலக் குழி விடும்; அதில் கெடுதல் இல்லை. வெட்டுமுகத்தின் உள்ளே, பாணின் உட்பக்கம் போலத் துளை இருந்தாலோ, கடதாசி மேலே உப்பி நின்றாலோ அது வாயு. அழுக்குக் கிருமியோ நொதியமோ புகுந்திருக்கிறது. வாங்கியிருந்தாலும் கொட்டிவிடுங்கள். கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாக இழுபடும் தயிர், குளிரில் மெதுவாக உறைந்தபோது வேறு பக்றீரியா முந்திக்கொண்டதால் வருவது. மாரிக்காலத்தில் அடிக்கடி காணலாம். ஆபத்தில்லை, உறைக்கு மட்டும் அதை வைக்கக் கூடாது, அடுத்த பாலும் நூல்விடும். கசப்பு என்றால் பால் பழையது. ஏட்டில் பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்புப் புள்ளி தெரிந்தால் வழித்தெடுத்து மிச்சத்தைச் சாப்பிடுவோர் இருக்கிறார்கள். பூஞ்சணத்தின் வேர் கண்ணுக்குத் தெரியும் புள்ளியைவிட ஆழம் போகும், முழு முட்டியையும் விட்டுவிடுவதே சரி.

புளிப்பைப் பற்றி ஒரு சொல். நம் பேச்சில் காரத்துக்கு உறைப்பு என்கிறோம். தயிருக்கு அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை, ஆனால் அதிகம் புளித்த தயிர் நாக்கில் ஏறத்தாழ அப்படித்தான் குத்தும். முதல்நாள் இரவு உறை விட்டு விடிய எடுத்த எருமைத் தயிரில் புளிப்பு இனிப்புக்குப் பின்னால் மெல்ல வர வேண்டும். முதல் வாயிலேயே முந்திக்கொண்டால் அது இரண்டாம் நாள் முட்டி. மோருக்கும் புளிக்குழம்புக்கும் அதை மலிவாகக் கேட்டு வாங்கலாம், கடைக்காரரும் தருவார்.

கொண்டுபோவதில்தான் நல்ல முட்டிகள் அதிகம் பாழாகின்றன. வலை ஒருமுறை உடைந்தால் திரும்ப ஒட்டாது, அகப்பட்ட தண்ணீரெல்லாம் வெளியே வரும். கொழும்புக்கு இரவு ரயிலில் எடுத்துச் செல்பவர், அட்டைப்பெட்டியின் அடியில் வைக்கோல் பரப்பி, முட்டிகளுக்கு இடையிலும் வைக்கோல் திணித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல் வைக்க வேண்டும். நனைத்துப் பிழிந்த துணியை முட்டியைச் சுற்றிக் கட்டினால் வழி முழுக்கக் குளிர்ந்து நிற்கும். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டுவது எதிர் வேலை செய்யும்: மண் மூச்சுவிடாது, சூடு உள்ளே தங்கும். காரின் பின்பெட்டி வேண்டாம், கால் வைக்கும் இடம் நல்லது.

வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருந்தால் 4 பாகை அளவில் ஒரு கிழமை ஓடும், நாளுக்கு நாள் புளிப்பு கொஞ்சம் ஏறும். இல்லாவிட்டால் நிழலில், மணலில் பாதி புதைத்து, மணலுக்குத் தண்ணீர் தெளித்து வைத்தால் ஒன்றரை நாள். பெட்டிக்குள் வைக்கும்போது முட்டிக்கு அடியில் ஒரு தட்டு வையுங்கள், மேலே இன்னொரு தட்டால் மூடுங்கள். பக்கத்தில் கருவாடோ வெட்டிய வெங்காயமோ இருந்தால் மறுநாள் தயிரில் அதுதான் மணக்கும். எடுப்பது காய்ந்த கரண்டியால், ஒரு பக்கத்திலிருந்து அடிவரை நேராக வெட்டி. மேலாக மேலாகச் சுரண்டினால் ஏடு முதல்நாளே தீர்ந்துவிடும், மிச்சம் முழுவதும் தண்ணீர் விடும்.

தொட்டுக்கொள்ள வாங்கும் பாணியையும் சும்மா விட முடியாது. கித்துள் மலைநாட்டுப் பனைவகை மரம், அதன் பதநீரைக் காய்ச்சிய பாணி மேலேயிருந்துதான் இறங்கி வருகிறது. தயிர் மேசைகளில் போத்தலில் நிற்பவற்றில் சீனிப்பாகு கலந்தவை நிறைய. பதநீர் மட்டும் வற்றிய பாணியில் புகையும் லேசான கசப்பும் இருக்கும், இனிப்பு தொண்டையைக் குத்தாது. சீனி கலந்தது நாள்பட்டால் போத்தலின் அடியில் பளிங்குமணி கட்டும். சந்தேகமான பாணியைவிட நல்ல சீனியும் ஒரு கதலிப்பழமும் மேல். தயிரின் புளிப்பு தெளிவாகத் தெரியும்.

தயிர் உறைந்ததுதானா என்று அறியக் கடைசிச் சோதனை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. உறைந்தது உறையாக வேண்டும். வாங்கிய முட்டியின் நடுப்பகுதியிலிருந்து ஒரு மேசைக்கரண்டி எடுங்கள், ஏறத்தாழ 15 கிராம். மேல் ஏடும் அடித்தண்ணீரும் வேண்டாம். ஒரு லீற்றர் பாலைக் கொதிக்க விட்டு, மெல்லிய தீயில் கிண்டியபடி பத்து நிமிடம் வைத்து இறக்குங்கள். பால் கிடைக்காவிட்டால் ஒரு லீற்றர் நீருக்கு 125 கிராம் கொழுப்பு நீக்காத பால்மா போதும். சுண்டுவிரலைப் பாலில் விட்டுப் பத்து எண்ணும்வரை வைத்திருக்க முடிகிற சூட்டுக்கு, அதாவது 42 முதல் 45 பாகைக்கு, ஆறட்டும். அதற்குமேல் சூடாக இருந்தால் உறை செத்துப்போகும், நன்றாக ஆறிவிட்டால் மற்றக் கிருமி முந்தும். எடுத்த தயிரை அரைக் கோப்பைப் பாலில் கட்டியில்லாமல் கரைத்து மொத்தத்தோடு ஒரே தடவை கலக்குங்கள். உறை கூடினால் கட்டி கூடும் என்று மூன்று கரண்டி விடுவது பிழை. புளிப்பு விரைந்து ஏறி, தயிர் மணல்மணலாகித் தண்ணீர் விடும். பன்னிரண்டு மணித்தியாலம் தண்ணீரில் ஊறி, வெயிலில் காய்ந்து, அடுப்பில் லேசாகச் சூடுகாட்டிய புதுமுட்டியில் நுரை வராமல் விளிம்போரமாக ஊற்றுங்கள். துணியால் மூடி, ஆள் நடமாட்டமும் அசைவும் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். வெயில் காலத்தில் எட்டு மணித்தியாலம், மழைக்காலத்தில் சாக்கு சுற்றி அடுப்பங்கரையில் பத்து முதல் பன்னிரண்டு.

விடிய முட்டியைச் சாய்த்துப் பாருங்கள். பசுப்பாலிலோ பால்மாவிலோ செய்ததென்றால் எருமைத் தயிரின் இறுக்கம் வராது, அதை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் ஒரே உடலாகச் சாய்ந்து, இனிப்புக்குப் பின் புளிப்பு மெல்ல வந்தால், வாங்கிய முட்டியில் உயிருள்ள உறை இருந்தது. அந்த மேசைக்கே திரும்பப் போகலாம். பால் பாலாகவே கிடந்தால், சூடும் நேரமும் சரியாக இருந்தும் கிடந்தால், நேற்று வாங்கியதில் உயிருள்ள உறை இருக்கவில்லை.